நீ, நீங்கள், யூ: தென்காசி அருகே ஓர் ஆங்கில இலக்கண வகுப்பைக் கவனித்தபோது

குற்றாலத்தில் சாரல் பெய்யும் மாதங்களில் தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்படியொரு மாலையில், ஒரு சேரிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடைபெறும் ஆங்கில இலக்கண வகுப்பின் கடைசி வரிசையில் நான் அமர்ந்திருந்தேன். கற்பிப்பவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து, ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அதே தெருப் பெண். கற்பவர்கள் 14 பேர். கல்லூரி மாணவர்கள், பருவ காலத்தில் அருவிகளுக்கு ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்த இரு பெண்கள். ஊரின் பெயரையும் இவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இங்கே பேசப்பட்டவை வெளியே யார் காதிலும் விழலாம் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சத்திற்குக் காரணமும் இருக்கிறது.

அன்றைய பாடம் பிரதிப்பெயர்கள். கரும்பலகையில் ‘ஐ, வி, யூ, ஹி, ஷி, இட், தே’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழை எழுதிக்கொண்டு வந்தார் ஆசிரியர். ‘யூ’ என்பதற்கு எதிரே ‘நீ’ என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, ‘நீங்கள்’ என்றும் எழுதினார். ஆட்டோ ஓட்டுநர் கையைத் தூக்கினார்.

“அக்கா, அப்போ எங்க ஆச்சியவும் யூ, மொதலாளி மவனையும் யூவா?”

“ஆமா.”

“கலெக்டரையும்?”

“கலெக்டரையும் யூதான். வேணும்னா கூட ஒரு சார் போட்டுக்கலாம்.”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பீடி சுற்றும் பெண்களில் மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. “எங்க அய்யாவுக்கு எழுவது வயசு. பத்தாவது படிக்கிற பய ‘ஏ, இங்க வா’ன்னு கூப்புடுதான். அவுக போறாக. இங்கிலீசுல அப்படிக் கூப்புடவே முடியாதா?” என்று கேட்டார்.

ஆசிரியர் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு என்னாலான பதில்.

தமிழில் ஒருவரை நோக்கி ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன்பே அவர் உயர்ந்தவரா, சமமானவரா, தாழ்ந்தவரா என்று முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யாமல் வாயைத் திறக்க இயலாது. பிரதிப்பெயரைத் தவிர்த்துவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: வா, வாங்க, வந்தான், வந்தார். படர்க்கையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கி ‘அது’, ‘அதுங்க’ என்று மனிதர்களை அஃறிணையில் சுட்டும் வழக்கமும் உண்டு. கிராமத்தில் வளரும் குழந்தை இந்த விதிகளை யாரும் கற்பிக்காமலேயே ஐந்து வயதுக்குள் கற்றுவிடுகிறது. எந்தத் தெருவின் கிழவருக்கு ‘ஆர்’ விகுதி, எந்தத் தெருவின் கிழவருக்கு ‘ஆன்’ விகுதி என்பது இலக்கண நூலில் இல்லை. ஆனால் ஒரு தவறும் இன்றிப் பின்பற்றப்படுகிறது.

இது தமிழின் இயல்பு, தொன்மை, பண்பாடு என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். சங்கப் பாடல்களில் புலவர்கள் வேந்தர்களை ‘நீ’ என்றே விளித்தார்கள். ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வெளிப்படையாகவே கூறுகிறது. மரியாதைப் பன்மை மொழியோடு பிறந்ததன்று. சமூகம் பின்னர் மொழிக்குள் கொண்டு வந்து வைத்தது.

ஆங்கிலமும் சமத்துவத்தோடு பிறந்த மொழி அல்ல. அங்கேயும் ‘தௌ’ என்ற ஒருமை இருந்தது. ‘யூ’ என்பது பன்மைக்குரியது. இடைக்காலத்தில் பிரெஞ்சு அரசவைப் பழக்கத்தை ஒட்டி, உயர்ந்தோரைப் பன்மையில் ‘யூ’ என்று விளிப்பதும் வேலைக்காரரையும் சிறுவரையும் ‘தௌ’ என்று விளிப்பதும் நிலைபெற்றன. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்சைப் பின்பற்றிய குவேக்கர்கள் இதை ஏற்க மறுத்தார்கள். கடவுளின் முன் அனைவரும் சமம் என்றால் நீதிபதியும் ‘தௌ’தான் என்று நீதிமன்றத்திலேயே விளித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். தொப்பியைக் கழற்ற மறுத்ததும் ‘தௌ’ என்று அழைத்ததும் அக்காலத்தில் ஏறத்தாழ ஒரே குற்றமாகக் கருதப்பட்டன. தோளில் துண்டு போடத் தடை, செருப்பு அணியத் தடை என்ற நம் ஊர்க் கதைகளை அறிந்தவர்களுக்கு இது புரிவதில் சிரமம் இருக்காது.

குவேக்கர்கள் எல்லோரையும் ‘நீ’ ஆக்க முயன்றார்கள். வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. யாரை எப்படி அழைப்பது என்ற குழப்பம் மிகுந்த நகரச் சமூகத்தில் பாதுகாப்புக்காக எல்லோரும் எல்லோரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்க, ‘தௌ’ பொது வழக்கிலிருந்து மறைந்தது. ஆகவே அந்தச் சமுதாயக் கூடத்தின் கரும்பலகையில் ஒரு திருத்தம் தேவை. ‘யூ’ என்பதற்கு வரலாற்று அடிப்படையில் நிகரான தமிழ்ச்சொல் ‘நீங்கள்’ மட்டுமே. ஆங்கிலத்தில் ஆச்சியும் முதலாளி மகனும் சமமாக ‘நீ’ ஆகவில்லை; இருவரும் ‘நீங்கள்’ ஆனார்கள்.

இதனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இழிவு ஒழிந்துவிட்டது என்று பொருளில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வயதான கறுப்பின ஆண்களை வெள்ளையர்கள் ‘பாய்’ என்று அழைத்ததையும், ‘மிஸ்டர்’, ‘மிசஸ்’ என்ற அடைமொழிகளை அவர்களுக்கு மறுத்ததையும் நாம் அறிவோம். இலக்கணம் கதவை மூடினால் ஆதிக்கம் சன்னல் வழியாக நுழையும். ஆனால் அங்கே அவமதிக்க ஒரு தனிச் சொல் தேவைப்பட்டது. இங்கே வினைமுற்றே போதும்.

அந்த வேறுபாட்டிற்குச் சட்டத்தில் விளைவு உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பதையும் குற்றமாக்குகிறது. சாதிப் பெயரைச் சாட்சி வைத்து நிறுவலாம். எழுபது வயதுக்காரரைப் பதினைந்து வயதுச் சிறுவன் ‘வா’ என்றான், ‘வாங்க’ என்று சொல்லவில்லை என்று எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? நாள்தோறும் நடப்பதும் அதுதான், வழக்காக மாறாததும் அதுதான். தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் தலித் குடும்பங்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவியபோது, வெளிநாட்டுப் பணம் என்று தில்லி வரை பேசினார்கள். ஊரில் இருந்தவர்கள் பேசியது மரியாதையைப் பற்றி. இந்த வட்டாரத்தில் பிரதிப்பெயர் சிறிய விஷயமன்று.

பாடம் ‘வி’ என்ற சொல்லுக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. இங்கே தமிழிடம் இருக்கும் துல்லியம் ஆங்கிலத்திடம் இல்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. ஆங்கிலம் இரண்டையும் ‘வி’ என்ற ஒற்றைச் சொல்லில் மூடி வைக்கிறது. ஆசிரியர் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை எடுத்துக்காட்டினார். அதன் முதல் சொல் ‘வி’. தமிழில் பெயர்த்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டியிருந்தது. ‘நாம்’ என்று எழுதினார்கள். நல்ல தேர்வு. எனினும் ஊர்க் கூட்டத்தில் ‘நம்ம ஊரு’ என்று பேசுபவர் சேரியையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டபோது, இலக்கணம் அதுவரைதான் உதவும் என்பது தெரிந்தது. ‘ஊர்’ என்ற சொல்லே ‘சேரி’யை விலக்கிய பின் ‘நம்’ யாரைச் சேர்க்கும்?

அன்றைய வகுப்பின் இரண்டாம் பகுதி செயப்பாட்டு வினை. நம் பாடநூல்களில் இதைவிடச் சலிப்பூட்டும் பகுதி இல்லை. ‘ராமன் மாம்பழம் தின்றான்’ என்பதை ‘மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது’ என்று மாற்றுவதற்கு ஐந்து மதிப்பெண். எந்த மொழியிலும் யாரும் மாம்பழத்தைப் பற்றி இப்படிப் பேசுவதில்லை. ஆகவே எதற்காக இந்த வடிவம் இருக்கிறது என்பதும் மாணவருக்குத் தெரியாமலே போகிறது.

இந்த ஆசிரியர் வேறு வழியில் தொடங்கினார். அருவியில் வெள்ளம் வந்தால் என்ன பலகை வைப்பார்கள் என்று ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டார். “குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது.” யார் விதித்தது? “போலீஸ்... இல்ல, கலெக்டர்.” பலகையில் அப்படி இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? எல்லோருக்கும் தெரியும் என்பதால். செயப்பாட்டு வினையின் முதல் பயன் இது: செய்தவர் யார் என்பது தெரிந்தே இருக்கும்போது, அல்லது அது முக்கியமில்லாதபோது, எழுவாயை விட்டுவிடலாம். வேறு பயன் ஏதும் உண்டா என்று அவர் கேட்டபோது ஒரு மாணவர் பாஞ்சாகுளத்தைக் குறிப்பிட்டார்.

2022 செப்டம்பரில் நாடு முழுவதும் பரவிய அந்தக் காணொளியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சங்கரன்கோவில் அருகே உள்ள அந்த ஊரில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளிடம், உங்கள் தெருக்காரர்களுக்குப் பொருள் கொடுப்பதில்லை என்று ஊரில் கட்டுப்பாடு போடப்பட்டிருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். குழந்தைகள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்தப் பேச்சின் இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘நான் தரமாட்டேன்’ என்பது அங்கே பொருளல்ல. கட்டுப்பாடு எங்கிருந்தோ வந்திருக்கிறது, போட்டவர் இல்லை, ஊர் என்ற உருவமற்ற ஒன்று முடிவெடுத்திருக்கிறது. மறுப்பவர் தன்னை வெறும் தபால்காரராக மாற்றிக்கொள்கிறார். பின்னர் கைதுகள் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ், குற்றம் சாட்டப்பட்டோர் அந்த ஊருக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது. சட்டம் அங்கே செய்த முதல் வேலை எழுவாயைக் கண்டுபிடித்ததுதான். ‘ஊர்’ என்று சொல்லப்பட்ட இடத்தில் பெயருள்ள மனிதர்கள் நின்றார்கள்.

நம் செய்தித்தாள்களும் இந்த வடிவத்திற்குப் பழகிவிட்டன. ‘தலித் இளைஞர் வெட்டப்பட்டார்’, ‘அம்பேத்கர் சிலை சேதப்படுத்தப்பட்டது’, ‘இரு தரப்பினரிடையே மோதல் ஏற்பட்டது’. முதல் இரண்டில் செய்தவர் இல்லை. மூன்றாவது இன்னும் தேர்ந்த வேலை. ‘ஏற்பட்டது’ என்பதில் மோதல் மழையைப் போலத் தானாக வருகிறது. இன்னாரென்று தெரியாத முதல் நாளில் இப்படி எழுதுவதற்கு நியாயம் உண்டு. கைது நடந்து, முதல் தகவல் அறிக்கை வெளிவந்து, பெயர்கள் தெரிந்த பிறகும் அதே வாக்கியம் தொடர்வதற்கு என்ன நியாயம்?

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்கலாம். 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை ஏற்றுக்கொண்ட அந்தப் பிரிவின் முதல் வாக்கியத்தில் இரண்டு செயப்பாட்டு வினைகள் உள்ளன: தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எவ்வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது. ஒழிப்பவர் யார், கடைப்பிடிப்பவர் யார் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. அரசமைப்பின் மொழி அப்படித்தான் இருக்கும். அது குறை அல்ல. ஆனால் கடைப்பிடிப்பவர் யார் என்று சட்டம் வாய்திறந்து சொல்ல 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு எழுவாயோடு தொடங்குகிறது: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராத எவரொருவர் இன்னின்னதைச் செய்கிறாரோ. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் குற்றம் செய்பவர் எந்தச் சாதியினராகவும் இருக்கலாம். அந்த 34 ஆண்டுகளின் போராட்டத்தை ஒரு எழுவாய்க்கான போராட்டம் என்று சொன்னால் மிகையாகாது. பள்ளிப் பாடநூல்களின் முன்பக்கத்தில் அச்சிடப்படும் தீண்டாமை எதிர்ப்பு வாசகத்தில் இன்றும் வினையே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று மூன்று பெயர்ப் பயனிலைகள் அதில் இருக்கின்றன. செய்பவன் எங்கும் இல்லை.

இனி பிழைகளைப் பற்றி. பீடி சுற்றும் இளைய பெண் தன் தாயைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார்: ‘மை மதர் ரோல் பீடி.’ ‘ரோல்ஸ்’ என்று ஆசிரியர் திருத்தினார். அடுத்த வாக்கியத்திலும் ‘ஸ்’ வரவில்லை. அதற்கடுத்த வாக்கியத்திலும் வரவில்லை. அவர் முகம் சுருங்கியது. தமிழ் வினைமுற்று எழுவாய்க்கேற்ப ஒவ்வோர் இடத்திலும் மாறுவது. நான் சுற்றுகிறேன், அவள் சுற்றுகிறாள். இவ்வளவு சிக்கலான முறையைப் பிழையின்றிக் கையாளும் ஒருவருக்கு ஒற்றை ‘ஸ்’ எப்படிக் கடினமாகும்?

மொழி கற்றல் ஆய்வு இதற்கு ஆறுதலான பதில் வைத்திருக்கிறது. 1970களில் டூலே, பர்ட் ஆகியோர் வெவ்வேறு தாய்மொழிக் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்து, இலக்கணக் கூறுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்து சேர்கின்றன என்று கண்டார்கள். நிகழ்கால ‘-இங்’ முதலிலேயே வந்துவிடுகிறது. படர்க்கை ஒருமை ‘ஸ்’ கடைசியாக வருபவற்றில் ஒன்று. முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படுவது, பல ஆண்டுகள் கழித்தே நாவில் பதிகிறது. விதி தெரிந்தவருக்கும் பேச்சின் வேகத்தில் அது நழுவும். ஆகவே ‘ஸ்’ விட்டுப்போவது அறிவுக்குறைவின் அடையாளமல்ல, கற்றலின் ஒரு கட்டம். ஆனால் நேர்முகத் தேர்வு அறையில் அது என்னவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது? ‘கம்யூனிகேஷன் போதாது’ என்ற இரண்டு சொற்களில் ஒருவரின் பின்னணியே எடை போடப்படுகிறது. வீட்டில் ஆங்கில நாளிதழ் வந்தவருக்கு அந்த ‘ஸ்’ கற்பிக்கப்படவே இல்லை, காதில் விழுந்து வந்தது.

கற்பிக்கும் முறையிலும் தமிழகத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதி சொல்வதில்லை, வடிவத்தை ஒப்பிக்க வைப்பதில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பொருளில் மனம் ஈடுபட்டால் இலக்கணம் அறியாமலேயே படியும் என்பது அவர் கருதுகோள். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பேசப்படும் இந்த முறை பிறந்த மாநிலத்தில், இன்றும் மாம்பழம் ராமனால் தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது. சென்னைக்குச் செல்லும் பொதிகை விரைவு வண்டி செங்கோட்டையில் எப்போது புறப்பட்டுத் தென்காசிக்கு எப்போது வருகிறது என்பதைக் கொண்டே மூன்று காலங்களையும் கற்பித்துவிடலாம்.

எனினும் நான் பிரபுவோடு முழுமையாக உடன்படவில்லை. அன்று நான் கண்டதில், வெளிப்படையான இலக்கணத்தைப் பேசியதால்தான் அந்த 14 பேர் தம் சொந்த மொழியை முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தார்கள். எழுபது வயதுத் தந்தை ‘வா’ என்று அழைக்கப்படுவது அவர்களுக்குத் தெரியாததல்ல. அது ஒரு விதி, வேறு விதமாகவும் இருக்க முடியும் என்பது கரும்பலகையில் சாய்கோடு போட்டபோதுதான் கண்ணில் பட்டது.

ஆங்கிலத்தின் மீதான தலித் மக்களின் விருப்பத்தை ‘அந்நிய மோகம்’ என்று எள்ளுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சாவித்திரிபாய் பூலே 1854இல் வெளியிட்ட தம் கவிதை நூலிலேயே ஆங்கிலம் கற்கும்படி அழைப்பு விடுத்தார். ‘பறையன்’ இதழை 1893இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து ஆங்கிலத்தில் வாதாடினார். சந்திரபான் பிரசாத் 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் ‘ஆங்கில தேவி’க்குக் கோயில் எழுப்ப முனைந்தார், நிர்வாகம் கட்டுமானத்தை நிறுத்தியது. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் அதன் வாரிசு மாநிலத்தோடும்தான் இருந்தது. ஊரூட்டம்பலத்தில் ஒரு புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்த்தபோது அந்தப் பள்ளியே கொளுத்தப்பட்டதும் அதே திருவிதாங்கூரில்தான். (‘கொளுத்தப்பட்டது’ என்று நானும் எழுதிவிட்டேன். கொளுத்தியவர்கள் ஆதிக்கச் சாதியினர்.)

சந்திரபான் பிரசாத்தின் மெக்காலே வழிபாட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்றால் அமெரிக்காவின் மென்பொருள் நிறுவனங்களில் சாதி பற்றிய வழக்குகள் எழுந்திருக்காது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. பயிற்றுமொழி பெயரளவில் மாறியதே தவிர, அதைக் கற்பிக்கப் போதிய பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எங்கும் கிடைத்துவிடவில்லை. அந்த இடைவெளியைத்தான் தெருவுக்குத் தெரு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு நிரப்புகின்றன. பீடி சுற்றும் வீடுகளால் அந்தக் கட்டணத்தைக் கட்ட இயலாது. ஆகவேதான் இந்தச் சமுதாயக் கூடம்.

வகுப்பு முடியும் முன் ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுத்தார். அந்த வாரச் செய்தித்தாளில் ‘பட்டது’ என்று முடியும் மூன்று தலைப்புகளை வெட்டி ஒட்ட வேண்டும். செய்தவர் யாரென்று செய்திக்குள் தேடி, அவரை எழுவாயாக்கி ஆங்கிலத்தில் திருப்பி எழுத வேண்டும். செய்திக்குள்ளும் அவர் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வர வேண்டும்.

மழை விட்டிருந்தது. மூத்த பெண் பீடித் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் காத்திருந்த தன் மகனிடம், “யூ கம்” என்றார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, “வாங்க” என்றார்.